எத்தனை குதிரைத்திறன் என்று கேட்பதற்கு முன்னால்

மலேசியாவில் தாப்பா மாதிரி ஊரில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்து மாமாக் கடை முன்னால் நிறுத்தினால், முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “அண்ணே, எத்தனை ஹார்ஸ்பவர்?” 200 என்றால் மரியாதை கிடைக்கும். 120 என்றால், “அவ்வளவுதானா?” என்று கேட்டுவிட்டு தே தாரிக் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். கார் எத்தனை கிலோ, டயர் எந்த நிலைமையில் இருக்கிறது, கோர்னர் எடுக்கும்போது எப்படிப் போகிறது என்றெல்லாம் யாரும் விசாரிப்பதில்லை.

இதில் வேடிக்கை, கேட்பவர்களின் வீட்டு வாசலிலிருந்தே கூட்டரசுச் சாலை 59 கிளம்புகிறது. தாப்பாவில் தொடங்கி, லாத்தா இஸ்கண்டார் அருவியைக் கடந்து, ரிங்லெட் வழியாகக் கேமரன் மலையிலுள்ள தானா ராத்தா வரை ஏறக்குறைய 60 கிலோமீட்டர். ஒரு வளைவு முடிவதற்குள் அடுத்தது வந்துவிடும். 200 குதிரைத்திறனை முழுசாக அவிழ்த்துவிட அங்கே நேர்ப்பாதை கிடைப்பதே அபூர்வம். அந்த மலையில் ஒரு கார் நன்றாக ஓடுகிறதா இல்லையா என்பதை எஞ்சினைவிட வேறு சில விஷயங்கள் அதிகமாகத் தீர்மானிக்கின்றன.

பேச்சில் பவர், கிரிப், ஹேண்ட்லிங் மூன்றும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கலாம்.

தள்ளுவண்டியில் தொடங்குவோம்

தோட்டத்தில் செம்பனைக் குலை தள்ளியவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி. ஒரு குலையே 20 கிலோ வரும். நாலைந்து குலையை ஏற்றி மரவரிசைக்கு நடுவே தள்ளிக்கொண்டு போக வேண்டும். பாதை நேராக இருக்கும் வரை உடம்பில் தெம்புள்ளவன்தான் முன்னால் போவான். வரிசை முடிந்து, குலை கொட்டும் இடத்துக்குத் திரும்புகிற முனையில்தான் கதை மாறும். உயரமாக அடுக்கியவனின் வண்டி ஒரு பக்கமாகச் சாயப் பார்க்கும். சக்கரத்தில் காற்று குறைந்தவனின் வண்டி, கைப்பிடியை எவ்வளவு திருப்பினாலும் சேற்றில் நேராகவே வழுக்கும். அளவாகவும் தாழ்வாகவும் ஏற்றியவன் வேகத்தை அதிகம் குறைக்காமலே திரும்பிவிடுவான், அவன் ஒல்லியாக இருந்தாலும்.

தள்ளும் பலம்தான் எஞ்சின். ஏற்றிய சுமைதான் காரின் எடை. அடுக்கிய உயரமும் சக்கரமும் காரிலும் அப்படியே உண்டு. திரும்புகிற முனையில் தள்ளும் பலத்துக்குப் பெரிய வேலை இல்லை.

குதிரைத்திறன் எதைச் சொல்கிறது

முதலில் டார்க். டயர் நட்டைக் கழற்றும்போது ஸ்பேனரில் கொடுக்கிறோமே, அந்தத் திருகும் விசைக்குத்தான் டார்க் என்று பெயர். எஞ்சின் அதே மாதிரி ஒரு தண்டைத் திருகுகிறது. எவ்வளவு பலமாகத் திருகுகிறது என்பது டார்க். அந்தத் திருகலை ஒரு நிமிடத்துக்கு எத்தனை சுற்று வேகத்தில் கொடுக்கிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால் வருவது பவர், அதாவது குதிரைத்திறன். ஒரு குதிரைத்திறன் ஏறக்குறைய முக்கால் கிலோவாட்.

இதிலிருந்து ஒரு விஷயம் உடனே தெரியும். விளம்பரத்தில் போடும் எண், எஞ்சின் உச்சத்தில் கத்தும்போது மட்டுமே கிடைப்பது. 2012-இல் வந்த டொயோட்டா 86-இன் 200 குதிரைத்திறன் 7,000 சுற்றில் வருகிறது. 2,500 சுற்றில் ஒரு காய்கறி லோரிக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருக்கும்போது அந்த 200 உங்களிடம் இல்லை. அதில் ஒரு பகுதிதான் கையில் இருக்கிறது.

அடுத்தது எடை. ஒரே எஞ்சின் இலேசான காரை வேகமாகக் கிளப்பும், கனமான காரை மெதுவாகத்தான் கிளப்பும். அதனால் குதிரைத்திறனை எடையால் வகுத்துப் பார்ப்பதே நியாயமான கணக்கு. நம் ஊரில் எங்கும் ஓடும் மைவி 1.5, சுமார் 100 குதிரைத்திறன், சுமார் 1 டன். ஆக டன்னுக்கு 100. டொயோட்டா 86, 200 குதிரைத்திறன், ஒன்றேகால் டன்னுக்குச் சற்றுக் குறைவு. டன்னுக்கு 160 சொச்சம். இப்போது 1996-இல் வந்த முதல் லோட்டஸ் எலிஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 1.8 லிட்டர் எஞ்சின் தந்தது 120 குதிரைத்திறன்கூட முழுதாக இல்லை. ஆனால் கார் ஏறக்குறைய 725 கிலோதான். கணக்குப் போட்டால் அதுவும் டன்னுக்கு 160 சொச்சம்! கடை முன்னால் “அவ்வளவுதானா?” என்று ஒதுக்கப்பட்ட எண், 200 போட்ட காரோடு சரிக்குச் சரி நிற்கிறது.

இதுவரை: டார்க் திருகும் பலம். பவர் அந்தத் திருகலை எவ்வளவு வேகமாகத் தருகிறது என்பது. எடையால் வகுத்த பவர், நேர்ச்சாலையில் கார் எவ்வளவு சீக்கிரம் வேகம் பிடிக்கும் என்று சொல்லும். வளைவைப் பற்றி இந்த மூன்றும் ஒன்றும் சொல்லவில்லை.

வளைவில் வேலை செய்வது டயர்

ஓடுகிற கார் இயல்பாக நேராகவே போக விரும்பும். அதை வளைக்க ஒரு பக்கவிசை வேண்டும். அந்த விசையைத் தருவது சாலையைத் தொட்டுக்கொண்டிருக்கும் நான்கு ரப்பர்த் துண்டுகள் மட்டுமே. ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட உள்ளங்கை அகலம். ஸ்டியரிங், பிரேக், எஞ்சின் எல்லாம் சாலையோடு பேசுவது அந்த நான்கு துண்டுகள் வழியாகத்தான். அந்த ரப்பர் வழுக்காமல் தாக்குப்பிடிக்கும் அளவுதான் கிரிப், பிடிப்பு என்றும் சொல்லலாம்.

வேகம் கூடினால் தேவைப்படும் பக்கவிசை அதே விகிதத்தில் கூடுவதில்லை, வர்க்கத்தில் கூடுகிறது. மணிக்கு 40 கிலோமீட்டரில் எடுத்த அதே வளைவை 50-இல் எடுத்தால், ஸ்பீடோமீட்டரில் கூடியது 10 மட்டும். டயரின் வேலை கூடியது ஒன்றரை மடங்குக்கும் மேல். 60-இல் எடுத்தால் இரண்டேகால் மடங்கு. மலையிலிருந்து இறங்கும்போது “கொஞ்சம்தான் வேகமாக வந்தேன்” என்று சொல்பவர்கள் உண்மையைத்தான் சொல்கிறார்கள். அந்தக் கொஞ்சம் டயருக்குக் கொஞ்சமாக இல்லை.

இன்னொன்று. ஒரு டயரிடம் மொத்தமாக ஓர் அளவு பிடிப்புதான் உண்டு. பிரேக் போடவும் அதிலிருந்துதான், திரும்பவும் அதிலிருந்துதான், எண்ணெய், அதாவது ஆக்சிலரேட்டர், மிதித்து முன்னால் பாயவும் அதிலிருந்துதான். முழுப் பிடிப்பையும் பிரேக்குக்கே செலவழித்துக்கொண்டு ஸ்டியரிங்கைத் திருப்பினால், திருப்புவதற்கு மிச்சம் ஒன்றும் இருக்காது. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் வளைவுக்கு முன்பே, நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிடுகிறார்கள். வளைவின் நடுவில் அதிக பவர் உள்ள காரை அவசரமாக மிதித்தால் என்ன ஆகும் என்பதும் இதிலேயே இருக்கிறது. பாய்ச்சலுக்குப் போன பிடிப்பு திரும்புவதற்குக் கிடைக்காது.

சாயங்கால மழை பெய்துவிட்டால் இந்தக் கணக்கு முழுவதும் சுருங்கும். எஞ்சினின் பவர் மட்டும் அப்படியே இருக்கும்.

எடை இடம் மாறும்

இங்கே கவனமாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். கனமான கார் டயரை அதிகமாக அழுத்துகிறதே, அப்படியானால் பிடிப்பும் கூட வேண்டாமா? கூடும். ஆனால் சரிக்குச் சரியாகக் கூடாது. ஒரு டயரின் மேல் சுமையை இரட்டிப்பாக்கினால் பிடிப்பு இரட்டிப்பாகாமல் அதற்குக் கீழேயே நின்றுவிடும். திருப்பத் தேவையான விசையோ எடைக்குத் தக்கபடி முழுசாகக் கூடிவிடுகிறது. ஆகவே கனமான கார் எப்போதும் கொஞ்சம் நஷ்டத்தில்தான் ஓடும்.

ரப்பரின் இந்தக் குணம்தான் ஹேண்ட்லிங் பற்றிய பாதி விஷயத்துக்கு அடிப்படை. கார் இடப்பக்கம் திரும்பும்போது எடை வலப்பக்க டயர்களுக்கு ஏறும். இதற்கு எடைமாற்றம் என்று பெயர். வலப்பக்க டயர்கள் கூடுதலாகப் பெறும் பிடிப்பு, இடப்பக்க டயர்கள் இழந்ததைவிடக் குறைவு. மொத்தத்தில் காருக்கு நஷ்டம். எடைமாற்றம் குறையக் குறைய நஷ்டமும் குறையும்.

எடைமாற்றத்தைத் தீர்மானிப்பவை முக்கியமாக இரண்டு: காரின் எடை மொத்தமும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளி, அதாவது ஈர்ப்பு மையம், எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, இடது வலது டயர்களுக்கு இடையே எவ்வளவு அகலம். தள்ளுவண்டியில் உயரமாக அடுக்கியவனின் கஷ்டம் இதுதான். டொயோட்டா 86-க்குள் சிலிண்டர்கள் படுத்த நிலையில் இருக்கும் பாக்சர் எஞ்சின் வைத்ததன் காரணமும் இதுதான். அந்தக் காரின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து சுமார் 46 சென்டிமீட்டர். உயரமான எஸ்யூவியில் 200 குதிரைத்திறன் இருக்கலாம், 300-கூட இருக்கலாம். இந்த உயரத்தை எந்த எஞ்சினாலும் இறக்க முடியாது.

பலர் தவறாக நினைப்பது ஒன்றுண்டு: கார் சாய்வதுதான் கெட்டது, சாயாத கார் நல்ல கார். சாய்வது கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். ஸ்பிரிங்கை எவ்வளவு இறுக்கமாகப் போட்டாலும் எடை மாறத்தான் செய்யும். சாய்வு நம் கண்ணிலிருந்து மறையும், நஷ்டம் மறையாது.

முன்னால் நழுவுவதும் பின்னால் நழுவுவதும்

பிடிப்பு தீரும்போது எந்த டயர் முதலில் தோற்கிறது என்பதில்தான் காரின் குணம் வெளிப்படும். முன்டயர்கள் முதலில் தோற்றால், ஸ்டியரிங்கைத் திருப்பியும் கார் அகலமாக, வெளிப்பக்கமாகப் போகும். இது அண்டர்ஸ்டியர். எஞ்சினும் உந்துதலும் முன்பக்கமே இருக்கும் மைவி, சாகா போன்ற கார்கள் பெரும்பாலும் இப்படித்தான். வேகத்தை மெல்லக் குறைத்தால் பிடிப்பு திரும்ப வந்துவிடும். பின்டயர்கள் முதலில் தோற்றால் காரின் பின்பக்கம் வெளியே வீசும். இது ஓவர்ஸ்டியர். பார்க்க அழகு. பழகாதவனுக்கு ஆபத்து. பயந்துபோய் எண்ணெயைச் சட்டென்று விட்டால் எடை முன்னால் பாய்ந்து, பின்பக்கம் இன்னும் இலேசாகி, வீச்சு கூடிவிடும்.

சறுக்கலைத் தானாகவே சமாளிக்கும் மின்னணு வசதி இப்போது சாதாரணக் கார்களிலும் வந்துவிட்டது. நம் ஊரில் வாங்கி விற்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் பெரும்பாலும் அது கிடையாது.

பிடிப்பு வேறு, ஹேண்ட்லிங் வேறு

மூன்றாவது முடிச்சு இதுதான். எனக்கு இதுவே மிகவும் பிடித்த பகுதி.

பிடிப்பு ஓர் அளவு: எத்தனை வேகம் வரை டயர் தாங்கும் என்பது. ஹேண்ட்லிங் அளவு அல்ல, நடத்தை. ஸ்டியரிங்கை இரண்டு விரல் அகலம் திருப்பினால் கார் அதற்குத் தக்க அளவு திரும்புகிறதா? எல்லையை நெருங்கும்போது கையிலும் இருக்கையிலும் முன்கூட்டியே தெரிகிறதா, இல்லை ஒன்றும் சொல்லாமல் திடீரென்று கைவிடுகிறதா? எல்லையைத் தாண்டினால் திரும்ப வர வழி விடுகிறதா? அகலமான டயர் போட்டு பிடிப்பைக் கூட்டிவிடலாம். நடத்தையைக் கடையில் வாங்கிப் போட முடியாது.

டொயோட்டா இதை வேண்டுமென்றே செய்து காட்டியது. 86-க்கு அவர்கள் போட்டது பந்தய டயர் அல்ல. எரிபொருள் மிச்சப்படுத்தும் பிரியஸுக்கும் போட்ட அதே ரக மிஷலின் டயர். கேட்டவர்கள் சிரித்தார்கள். ஆனால் பிடிப்பு அளவாக இருந்ததால், எல்லை குறைந்த வேகத்திலேயே வந்தது. கார் மெதுவாக, முன்னறிவிப்போடு நழுவியது. நூறைத் தாண்டாமலே அந்தக் காரோடு விளையாட முடிந்தது.

1989-இல் வந்த மஸ்டா எம்எக்ஸ்-5 அதற்கும் முந்திய பாடம். 1.6 லிட்டர், சுமார் 115 குதிரைத்திறன், ஒரு டன்னுக்கும் குறைந்த எடை. முன்னுக்கும் பின்னுக்கும் ஏறக்குறைய சரிபாதியாகப் பிரித்த பாரம். பவர் கேட்டால் யாருக்கும் மயக்கம் வராது. 2016-இல் பத்து லட்சமாவது எம்எக்ஸ்-5 தொழிற்சாலையிலிருந்து இறங்கியது.

நம் நாட்டுக்கும் இதில் பங்குண்டு. 1996-இல் நம் கார் தயாரிப்பாளரான புரோட்டோன், லோட்டஸ் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கியது. அதைத் தொடங்கிய காலின் சாப்மேன் காலத்திலிருந்தே எடையைக் குறைப்பதில் பிடிவாதமாக இருந்த கம்பெனி அது. 1990-களின் கடைசியில் வந்த புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ, மிட்சுபிஷியின் 1.8 லிட்டர் எஞ்சினோடு சுமார் 140 குதிரைத்திறன் தந்தது. அதன் சஸ்பென்ஷனை, அதாவது சக்கரங்களைத் தாங்கும் ஸ்பிரிங், அப்சார்பர் அமைப்பை, சரிசெய்தவர்கள் லோட்டஸ்காரர்கள். சாதாரணக் குடும்பக் காரின் உடம்புதான், ஆனால் திரும்புகிற விதம் வேறு. இன்றும் நல்ல நிலையில் ஒன்று கிடைத்தால் விலையைக் குறைக்க மாட்டார்கள். 140 என்ற எண் மட்டும் காரணமாக இருந்தால், அந்த எண்ணை எப்போதோ தாண்டிவிட்ட புதிய கார்கள் அதை மறக்கடித்திருக்கும்.

விலை குறைந்த ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம்? தயாரிப்பாளரிடம் பணம் அளவோடுதான் இருக்கிறது. பெரிய எஞ்சின் வைத்தால் அதைத் தாங்கப் பெரிய பிரேக், பெரிய கியர்பாக்ஸ், பெரிய ரேடியேட்டர், கனமான அடிச்சட்டம் என்று செலவும் எடையும் சங்கிலியாக ஏறும். சின்ன எஞ்சினோடு நிறுத்திக்கொண்டால் மிச்சப்பட்டதை சஸ்பென்ஷனில் போடலாம்.

இதுவரை: பிடிப்பு டயர் தாங்கும் அளவு. ஹேண்ட்லிங், அந்த அளவுக்குள்ளும் அதன் விளிம்பிலும் கார் நடந்துகொள்ளும் விதம்.

ஸ்பிரிங்கை வெட்டினால்

ஹேண்ட்லிங் என்ற பெயரில் நம் பக்கம் அதிகமாக நடக்கும் காரியம் ஸ்பிரிங்கை வெட்டுவது. காரணம் புரிகிறது: கார் தாழ்ந்தால் ஈர்ப்பு மையமும் தாழும், பார்க்கவும் கெத்து. ஆனால் ஸ்பிரிங்கோடு சேர்ந்து வேலை செய்யும் அப்சார்பரை யாரும் மாற்றுவதில்லை. சக்கரம் மேலும் கீழும் துள்ளுவதை அடக்கி, டயரைத் தரையோடு ஒட்டவைப்பதே அப்சார்பரின் வேலை. ஸ்பிரிங் குட்டையானதும் சக்கரம் ஏறி இறங்க இடம் போதாமல், சின்னப் பள்ளத்துக்கே முட்டி நிற்கும். மலைச்சாலையில் ஒட்டுப்போட்ட தார், ஓரத்து வெடிப்பு, மழையில் அரித்த இடம் என்று எல்லாம் உண்டு. முட்டி நின்ற சக்கரம் அங்கெல்லாம் தரையை விட்டுத் துள்ளும். காற்றில் இருக்கும் டயருக்குப் பிடிப்பு பூஜ்யம்.

பெரிய ஸ்போர்ட் ரிம்முக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். சக்கரம் கனத்தால் அப்சார்பர் அதை அடக்கத் திணறும்.

என்னைக் கேட்டால், தேய்ந்த அப்சார்பருக்குப் பதில் நல்ல சாதாரண அப்சார்பர் நான்கு போடுவது, வெட்டிய ஸ்பிரிங்கைவிட எவ்வளவோ மேல். பட்டறையில் இதைச் சொன்னால் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்.

பவர் பக்கமும் நியாயம் உண்டு

இதையெல்லாம் படித்துவிட்டு பவரே வேண்டாம் என்று முடிவுகட்ட வேண்டாம். மலையேறும்போது லோரியை முந்த ஒரு சின்ன நேர்ப்பாதை கிடைக்கும். அதற்குள் எதிர்ப்பக்கத்தில் எவ்வளவு குறைந்த நேரம் இருக்கிறோமோ அவ்வளவுக்குப் பாதுகாப்பு. அங்கே டார்க் நிறைந்த எஞ்சின் உண்மையான உதவி. வீட்டில் நாலு பேரும் மூட்டையும் ஏறினால் 660 சிசி கஞ்சில் கார் எப்படி மூச்சு வாங்கும் என்பதும் நமக்குத் தெரியாததல்ல.

ஆனால் பவருக்கு ஆண்டுதோறும் ஒரு விலை உண்டு. தீபகற்பத்தில் சாலை வரி எஞ்சின் சிசியை வைத்துக் கணக்கிடப்படுகிறது. சொந்த உபயோகத்துக்கான 1.5 லிட்டர் காருக்கு 90 வெள்ளி (ரிங்கிட்), 2.0 லிட்டருக்கு ஏறக்குறைய 380 வெள்ளி. சின்ன எஞ்சின் என்றால் ஒவ்வொரு வருடமும் அந்த வித்தியாசம் மிச்சமாகும். நெடுஞ்சாலையிலோ வேக வரம்பு 110. அதை மைவியே எட்டிவிடும்.

காசை எதில் முதலில் போடுவது

கையில் இருக்கும் பணம் கொஞ்சம்தான் என்றால், என் வரிசை இது: டயர், பிரேக் பேடும் பிரேக் எண்ணெயும், அப்சார்பர், புஷ். புஷ் என்பது சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் ரப்பர். பழைய காரில் அது கிழிந்திருந்தால் ஸ்டியரிங் எப்போதும் மந்தமாகவே இருக்கும். இவையெல்லாம் முடிந்த பிறகு மிச்சம் இருந்தால் எக்ஸாஸ்ட்டைப் பற்றி யோசிக்கலாம். அது சத்தத்தை நிறைய மாற்றும், வேகத்தைக் கொஞ்சம். காரின் எல்லையைத் தேடிப் பார்க்க ஆசை இருந்தால் அதற்கு செப்பாங் கார் பந்தயத் தளம் இருக்கிறது. எதிரே காய்கறி லோரி இறங்கிவரும் மலைச்சாலை அதற்கான இடம் அல்ல.

பழைய கார் பார்க்கப் போகும்போது விற்பவர் முதலில் பானட்டைத்தான் திறந்து காட்டுவார். காட்டட்டும். நீங்கள் டயர் பக்கம் குனியுங்கள். பக்கவாட்டில், DOT (டாட்) என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரியின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரித்தது. பள்ளங்களுக்கு நடுவே சின்ன மேடு தெரியும். ரப்பர் அந்த மட்டத்துக்குத் தேய்ந்திருந்தால் மிச்சம் 1.6 மில்லிமீட்டர்தான், மாற்ற வேண்டிய நேரம். நான்கு டயரும் நான்கு கம்பெனி, நான்கு வெவ்வேறு ஆண்டு என்றால், புது டயர் நான்கின் விலையைக் கேட்ட விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள்.